காமார்க்கில் ஏழு நாள்: குதிரை, பூநாரை, உப்பு

மே 18, ஆர்ல்

பெட்டி வரவில்லை. மார்சேய் விமான நிலையத்தில் அரை மணி நேரம் காத்து நின்றேன். கடைசியில் பட்டையில் சுற்றிக்கொண்டிருந்தது யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குழந்தை வண்டி மட்டும்தான். கேமராவும் இரண்டு லென்ஸும் தோள்பையில் இருந்ததால் பிழைத்தேன். முக்காலி, மாற்றுத் துணி, சதுப்பில் இறங்குவதற்கென்று சென்னையில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய ரப்பர் பூட்ஸ் எல்லாம் எந்த நாட்டில் கிடக்கின்றனவோ. படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு ரயிலேறி ஆர்ல் வந்து சேர்ந்தேன்.

இருபத்தொன்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வந்த பணத்தில் வளையல் வாங்கச் சொன்னார்கள். 400 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். அதில் மிஞ்சியது இந்தப் பயணம்: பிரான்சின் தெற்குக் கரையில், வழிகாட்டியோடு, ஒரு வாரம் படம் எடுப்பது. எட்டுப் பேர் கொண்ட குழு. ஸ்காட்லாந்துத் தம்பதி, பெல்ஜியத்திலிருந்து எழுபது தாண்டிய ஒரு தாத்தா, கேமராவைவிடக் கேமராப் பையை அதிகம் நேசிக்கும் ஒரு பல் மருத்துவர், மற்றவர்களை இனிமேல்தான் பழக வேண்டும். வழிகாட்டி இந்த மண்ணிலேயே பிறந்தவர், முன்பு பத்திரிகைக்குப் படம் எடுத்தவர். என் கால்களைப் பார்த்துவிட்டு, தன் கணவரின் பூட்ஸைத் தருவதாகச் சொன்னார். இரண்டு அளவு பெரிது. காலுறையைத் திணித்துக்கொள்ளலாம்.

ரோன் ஆறு இந்த ஊருக்குச் சற்று வடக்கே இரண்டாகப் பிரிகிறது. பெரிய ரோன், சின்ன ரோன். இரண்டுக்கும் நடுவே கடல் வரை விரிந்து கிடக்கும் சேறும் உப்புநீரும்தான் காமார்க். காவிரியும் கொள்ளிடமும் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு வேறு வரைபடம் வேண்டாம்.

மாலையில் ஊரைச் சுற்றினோம். ஒளிப்படக்காரர்களுக்கு ஆர்ல் ஒரு திருத்தலம். 1970 முதல் ஒவ்வொரு கோடையிலும் இங்கே ஒளிப்பட விழா நடக்கிறது. 1982இல் தொடங்கிய தேசிய ஒளிப்படப் பள்ளியும் இங்கேதான். ஆனால் கூட்டம் நின்றது வேறோர் இடத்தில். வான்கா 1888இல் ஓர் இரவுக் காப்பிக்கடையை வரைந்தாரே, அந்தச் சதுக்கம். படத்தில் சுவர் மஞ்சளாக எரியும். அது விளக்கு வெளிச்சம். பிற்காலத்தில் ஓவியத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று கடைச் சுவருக்கே மஞ்சள் சாயம் பூசிவிட்டார்கள். இப்போது பகலிலும் மஞ்சள். பல் மருத்துவர் பதினைந்து படம் எடுத்தார். நானும் நாலு எடுத்தேன், பொய் சொல்வானேன்.

மே 19, சதுப்பு

விடியற்காலை ஐந்து மணிக்கு வேன். காமார்க் என்று தேடினால் முதலில் வரும் படம் எல்லோருக்கும் தெரியும்: வெள்ளைக் குதிரைகள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு நேராக நம்மை நோக்கி ஓடிவரும். அந்தப் படம் எப்படி உருவாகிறது என்பதை இன்று பார்த்தேன்.

முழங்கால் ஆழத் தண்ணீரில் எட்டுப் பேரும் வரிசையாக மண்டியிட்டோம். கார்தியான்கள் நாலு பேர் குதிரைமீது வந்தார்கள். காளை மந்தையையும் குதிரை மந்தையையும் மேய்ப்பவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். கையில் மூன்று முனை கொண்ட நீண்ட கோல், தலையில் கறுப்புத் தொப்பி. அவர்கள் பன்னிரண்டு குதிரைகளைத் தூரத்தில் ஒன்றுசேர்த்து, வழிகாட்டி கையசைத்ததும் எங்கள் பக்கம் விரட்டினார்கள். ஷட்டர் வேகம் 1/2000 நொடி, முதல் குதிரையின் கண்ணில் குவியம், வெள்ளைக் குதிரையைக் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டு. அவர் சொன்னபடியே எட்டுப் பேரும் வைத்தோம். எட்டுக் கேமராவும் ஒரே நேரத்தில் தையல் எந்திரம் போல ஓடின.

குதிரைகள் எங்களைக் கடந்து போனதும் சுற்றி வளைத்துத் திரும்பக் கொண்டுபோனார்கள். மறுபடி ஒரு ஓட்டம். மறுபடியும். நாலாவது ஓட்டத்தில் சூரியன் குதிரைகளுக்குப் பின்னால் வந்தது. தெறித்த ஒவ்வொரு துளியும் பொன்னானது. அழகுதான், அதை மறுக்க மாட்டேன். கைகூட நடுங்கியது. ஆனால் கரையேறி எல்லோரும் கேமராத் திரைகளைக் காட்டிக்கொண்டபோது எது யார் எடுத்த படம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே விடையை எழுதிய எட்டு விடைத்தாள்கள். பள்ளியில் இப்படி வந்திருந்தால் விசாரணை வைத்திருப்பேன்.

வழிகாட்டியிடம் கேட்டேன், இது கொஞ்சம் ஏமாற்று இல்லையா என்று. அவர் கோபப்படவில்லை. "மந்தையை இடம் மாற்றும்போது அவை தண்ணீரில் இப்படித்தான் ஓடும். நீங்கள் தற்செயலாக அதைப் பார்க்க வேண்டுமானால் மூன்று மாதம் கொசுக்கடியில் காத்திருக்க வேண்டும். உங்களிடம் ஏழு நாள்தான் இருக்கிறது" என்றார். கொசு பற்றி அவர் சொன்னதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்றவர்கள் காப்பிக்குப் போனார்கள். நான் குதிரைகள் நிற்கும் வேலிக்குப் போனேன். ஓட்டம் முடிந்த குதிரை வேறு ஒரு பிராணி. தலை தொங்கியிருந்தது. வயிற்றில் ஒட்டிய சேறு காய்ந்து ஓடு ஓடாக உரிந்துகொண்டிருந்தது. கண்ணிமை மயிரில் உப்பு பூத்து, ஈ மொய்த்தது. குளம்பு அகன்று, தட்டுப் போல இருக்கிறது. சதுப்பில் புதையாமல் நடக்க அது உதவும். குளம்பு கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் லாடம் அடிப்பதில்லையாம். ஒரு தாயின் விலாவோரம் குட்டி ஒன்று நின்றது, காப்பிக்கொட்டை நிறத்தில். பிறக்கும்போது இவை கறுப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். நாலைந்து வயதுக்குள் மெல்ல மெல்ல வெளுக்கும். விளம்பரப் படத்தில் குட்டியைச் சேர்ப்பதில்லை போலிருக்கிறது. அதன் தோலில் என் நிழல் விழுந்ததும் ஒரு சிலிர்ப்பு ஓடியது, குளத்தில் காற்று போல. அதைப் படம் எடுக்கவில்லை. கேமரா வேனில் இருந்தது.

மே 20, போன் த கோ

பூநாரைகளுக்கான நாள். 1949இல் தொடங்கிய பறவைப் பூங்கா இது. ஏறக்குறைய 60 ஹெக்டேர் நீர்நிலையும் நாணலும்.

கோடியக்கரையில் நான் பூநாரை பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்றால், தொடுவானத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு, அது பூநாரை என்று வனக்காவலர் சொன்னார், நம்பினேன். இங்கே இருப்பதும் அதே இனம்தான். ஆனால் பத்தடி தூரத்தில். நடைபாதையில் போகும் மனிதர்களை இவை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. லென்ஸ் மிக நீளம், முழுப் பறவை ஃபிரேமில் அடங்கவில்லை என்று நான் புலம்பும் நாள் வரும் என்று நினைத்ததே இல்லை.

எனவே துண்டு துண்டாகப் பார்த்தேன். பூநாரை தலைகீழாகச் சாப்பிடும். அலகின் மேல்பகுதி கீழே வரும்படி தலையைக் கவிழ்த்து நீருக்குள் வைத்து, நாக்கைப் பம்பு போல ஓட்டி, நீரை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அலகோரத்துச் சல்லடையில் சிறு பிராணிகள் சிக்கிக்கொள்ளும். கழுத்தருகே லென்ஸை வைத்தால் அந்தத் துடிப்பு தெரிகிறது, குழந்தை பால் குடிக்கும்போது தொண்டை அசைவது போல. கால்களால் ஒரே இடத்தில் மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்குகிறது. அந்த வட்டத்தில் நீர் நரைத்துப் போகிறது. நிறம் அதற்குச் சொந்தமில்லை, தின்பதில் இருந்து வருவது. உப்புநீரில் வாழும் ஆர்டீமியா என்ற குட்டி இறால் இனத்தில் உள்ள நிறமிதான் சிறகில் ஏறுகிறது. எங்கள் தூத்துக்குடி அளங்களிலும் ஆர்டீமியா உண்டு. சின்ன வயதில் அதைக் கையில் அள்ளி விளையாடியிருக்கிறோம். எங்களுக்கு மட்டும் நிறம் ஏறவில்லை.

சில பறவைகளின் காலில் எழுத்து பொறித்த வளையம் இருந்தது. 1977 முதல் இங்கே குஞ்சுகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள். அதற்கு முன் இன்னொரு கதை. இனப்பெருக்கம் நின்றுபோய்க் கூட்டம் குலைந்துகொண்டிருந்த காலத்தில், 1970இல், ஃபாங்காசியே என்ற உப்புக்கழியில் மண்ணைக் கொட்டி ஒரு செயற்கைத் தீவு கட்டினார்கள். பறவைகள் உடனே வந்துவிடவில்லை. 1974இல்தான் அதில் முட்டையிட்டன. நேற்று ஏற்பாடு செய்த குதிரை ஓட்டத்தைப் பழித்தவள் நான். இன்று பார்த்தால் இந்தப் பறவைக் கூட்டத்தின் பின்னாலும் ஒரு ஏற்பாடு.

கொசு பற்றி: வழிகாட்டி குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். தூத்துக்குடிக் கொசு கடித்துவிட்டுப் போகும். இது துணிக்கு மேலேயே உட்கார்ந்து குடும்பம் நடத்துகிறது.

மே 21, காற்று

மிஸ்ட்ரல். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் காற்று. நாணல் எழவே இல்லை. கேமராவை நிமிர்த்த முடியவில்லை. வேன் கதவைத் திறந்த ஸ்காட்லாந்து அம்மாவின் தொப்பி ஸ்பெயினுக்குப் போயிருக்கலாம். ஒரே நல்ல சேதி, கொசு இல்லை.

கார்தியான்களின் பழைய குடிசை ஒன்றைக் காட்டினார்கள். நாணல் வேய்ந்தது. காற்று வரும் வடக்குப் புறம் சுவர் மூலையில்லாமல் வளைந்திருக்கிறது, அந்தப் பக்கம் சன்னலும் கிடையாது. வாசல் தெற்கே.

பகல் சாப்பாட்டில் காமார்க் அரிசிச் சோறு. மற்றவர்கள் ஒயினில் வேகவைத்த காளைக் கறியோடு சாப்பிட்டார்கள், எனக்குக் கத்தரிக்காயும் தக்காளியும் வெந்த கூட்டு. இந்த அரிசிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக ஏறக்குறைய 20,000 வியட்நாமியரைப் பிரான்ஸ் தொழிலாளர்களாகக் கொண்டுவந்தது. பெரும்பாலோரை வற்புறுத்திப் பிடித்துவந்தார்கள். பிரான்ஸ் தோற்ற பிறகு ஊர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்களில் சிலரை இந்தச் சதுப்புக்கு அனுப்பினார்கள். இங்கே நெல் ஊன்றிக்கொண்டது அவர்கள் கைராசியால். அவர்களுக்கு சலேன் தெ ஜிரோவில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தது 2014இல்தான். சோறு நன்றாகத்தான் இருந்தது, சற்றுக் கட்டி. ஆனால் இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளவில்லை.

உணவகச் சுவரில் காளைப் பந்தயச் சுவரொட்டி. இந்தப் பக்கத்து ஆட்டத்தில் காளையைக் கொல்வதில்லை. கொம்பில் கட்டிய நாடாவையும் குஞ்சத்தையும் வெள்ளை உடை வீரர்கள் பறிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தால் காளை வீட்டுக்குப் போய்விடும். சுவரொட்டியில் காளையின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. கொம்பில் சல்லிக் காசு முடிந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. மேசையில் நான்தான் மற்றவர்களுக்கு விளக்கினேன்.

மே 22, எக்-மோர்த்

காற்று அடங்கியது. இன்று உப்பளம். இந்தப் பயணத்தில் என் நிகழ்ச்சி இது ஒன்றுதான்.

எக்-மோர்த் என்றால் செத்த நீர். 1.6 கிலோமீட்டர் சுற்றளவில் இடைக்காலக் கோட்டை மதில். மதிலுக்கு வெளியே நீர் இளஞ்சிவப்பாகக் கிடக்கிறது. துனாலியெல்லா சலினா என்ற நுண்பாசி செய்யும் வேலை. உப்பு ஏற ஏற அது தன்னைக் காத்துக்கொள்ள நிறம் சேர்க்கும். கோடை முற்றும்போது நல்ல ரோஜா நிறம் வருமாம். இப்போது பன்னீர் ரோஜா வாடிய நிறம்தான். பல் மருத்துவர் ஏமாந்து போனார். பிறகு கணினியில் கூட்டிக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டார். மஞ்சள் சுவர் நினைவு வந்தது.

அப்பா அளத்தில் கணக்குப்பிள்ளை. தம்பி இப்போது குத்தகைக்கு எடுத்துப் பாத்தி ஓட்டுகிறான். வீடியோவில் அழைத்தேன். அங்கே பிற்பகல்.

"அக்கா, கேமராவைக் கீழே காட்டு. வானத்தை எதற்குக் காட்டுகிறாய்?"

காட்டினேன்.

"பாத்தி என்ன இவ்வளவு பெரிதாக இருக்கிறது! ஆள் எப்படி வாருவான்?"

"எந்திரம்டா. ஆகஸ்டு, செப்டம்பரில் மொத்தமாக வாரிவிடுகிறார்கள். மேலே மிதக்கும் பூ உப்பை மட்டும்தான் கையால் எடுக்கிறார்கள்."

"அந்த வேலைக்கு என்ன கூலி?"

வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் ஒரு தோராயம் சொன்னார். நான் ரூபாயாக மாற்றிச் சொன்னதும் அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பிள்ளைகளைப் பிரெஞ்சு படிக்க வை" என்றான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவனுடைய பிள்ளைகளைத்தான் சொன்னான்.

உப்பு அம்பாரம் ஒரு பனை உயரத்துக்கு இருந்தது. மேலே ஏறிப் பார்க்க விடுகிறார்கள். காலடியில் அது நெறுநெறுக்கும் ஓசை மட்டும் எங்கள் ஊர் ஓசை. கண்ணை மூடினால் முள்ளக்காடு. குனிந்து ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தேன். வழிகாட்டி சிரித்தார். அப்பா எப்போதும் அப்படித்தான் பார்ப்பார், முதலில் உப்பு, கடைசியில் கசப்பு வருகிறதா என்று. கசப்பு இல்லை. நல்ல உப்பு.

அழகான இடங்களில் நடந்ததைச் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வது குறைவு. எங்கள் வழிகாட்டி சொன்னார். 1893 ஆகஸ்டில், உப்பு வாரும் பருவத்தில், இங்கே கூலிக்கு வந்த இத்தாலியர்களை உள்ளூர்க் கூட்டம் விரட்டி விரட்டி அடித்தது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 8 பேர். வழக்கில் நிறுத்தப்பட்ட அத்தனை பேரும் விடுதலை. நானும் பெல்ஜியத் தாத்தாவும் கேமராவை மூடிப் பையில் வைத்தோம். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

மாலையில் கான்ஸ்தான்ஸ் கோபுரம். மரி த்யூரான் என்ற பெண்ணைப் புராட்டஸ்டன்ட் குடும்பம் என்பதற்காக 1730இல் இதில் அடைத்தார்கள். வெளியே வந்தது 1768இல். தரை நடுவே இருக்கும் கல் விளிம்பில் 'எதிர்த்து நில்' என்ற பொருளில் ஒற்றைச் சொல் செதுக்கியிருக்கிறது. அவர் செதுக்கியது என்று சொல்கிறார்கள். எழுத்துகள் சீராக இல்லை. நான் கரும்பலகையில் எழுத முதன்முதலில் அழைத்த பிள்ளைகளின் எழுத்து போல, போகப் போகச் சரிந்தவை. பக்கவாட்டு வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்தேன். இந்த வாரத்தின் நல்ல படம் அந்த மூன்றில் ஒன்று.

மே 23

ஓய்வு. துணி துவைத்தேன். பெட்டி இன்னும் வரவில்லை.

மே 24, செந்த்-மரி

கடலோரச் சிற்றூர். நடுவே கோட்டை போன்ற தேவாலயம். இயேசு மறைந்த பிறகு மரியாக்கள் இருவர் படகில் இங்கே கரையேறினார்கள் என்பது ஐதீகம். அவர்களோடு சாரா. பணிப்பெண் என்பார்கள் சிலர், கரையில் நின்று வரவேற்றவள் என்பார்கள் சிலர். ஜிப்சிகள் என்று பிறர் அழைக்கும் ரோமா மக்கள் அவளைத் தங்கள் தெய்வமாக எடுத்துக்கொண்டார்கள். சாரா காலி என்பது அவள் பெயர். ரோமானி மொழியில் காலி என்றால் கறுப்பி.

நிலவறையில் இருக்கிறாள். கருத்த முகம், வந்தவர்கள் எல்லாம் சாத்திய பட்டும் சரிகையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து அவள் முகம் மட்டும் மேலே தெரிகிறது. நூற்றுக்கணக்கில் மெழுகுத்திரி. உள்ளே சூடு, எண்ணெய்ப் பிசுக்கு போன்ற மணம், நெரிசல், அழுகை, முத்தம். ஆடிச் செவ்வாயில் அம்மன் கோயில் போய் வந்த எவருக்கும் இங்கே மொழி தேவைப்படாது. படம் எடுக்கலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "எடுக்கலாம். எடுக்கத் தோன்றுகிறதா?" என்றார். தோன்றவில்லை.

பிற்பகல் சாராவைத் தோளில் தூக்கிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். இந்த ஊர்வலத்துக்கு 1935இல் வழிபிறந்ததில் பரோன்செல்லி என்ற பிரபுவின் பங்கு பெரிது. கார்தியான் வாழ்க்கையே தன் வாழ்க்கை என்று இங்கே வந்து தங்கியவர் அவர். வெள்ளைக் குதிரைகள் முன்னால் போய்க் கடலில் இறங்கி நின்றன. அதே குதிரை, அதே தண்ணீர். ஆனால் கும்பலும் வெயிலும் கைகளும் பட்டும் சேர்ந்து எதுவும் படத்துக்கு அடங்கவில்லை. எங்களுக்கு முன்னால் முப்பது ஒளிப்படக்காரர்கள் இடுப்பளவு நீரில் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தடுக்கி விழுந்தார். அவரைத் தூக்கிவிட்டவர் சிலை சுமந்தவர்களில் ஒருவர்.

நான் பின்வாங்கி மணலில் உட்கார்ந்தேன். அருகே ஒரு கிழவி, ருமேனியாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் என்று பேரன் ஆங்கிலத்தில் சொன்னான். என் நெற்றிப் பொட்டைப் பார்த்து, "இந்தியா?" என்றார். தலையாட்டினேன். காதைத் தொட்டுக் காட்டி "கன்" என்றார். மூக்கைத் தொட்டு "நக்". வடக்கே கேட்ட சொற்கள். இந்த மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுக்கு முன் வடஇந்தியாவிலிருந்து மேற்கே நடந்தவர்கள் என்பதைப் புத்தகத்தில் படித்ததுண்டு. என் பையில் எக்-மோர்த்தில் வாங்கிய உப்புப் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தட்டி, "லோன்" என்றார். லவணம் என்றேன். அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, பெரிதாகச் சிரித்தார். முன்பல் இரண்டும் தங்கம்.

அவரைப் படம் எடுக்கக் கேட்கலாம் என்று வாய் திறப்பதற்குள் பேரனின் கைபேசியை வாங்கி, கையை நீட்டி, என்னைப் படம் எடுத்துவிட்டார். பார்த்துவிட்டுத் திருப்தி இல்லை போலும். பொட்டு தெரியும்படி முடியை ஒதுக்கச் சொல்லி இன்னொன்று எடுத்தார்.

மே 25, மார்சேய் விமான நிலையம்

காலையில் அறையைக் காலி செய்யும்போது பெட்டி வந்து சேர்ந்தது. பூட்ஸில் விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை.

4,100 படங்களில் இதுவரை 3,600 அழித்துவிட்டேன். குதிரை ஓட்டத்தில் மூன்றை வைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமே.

பாதுகாப்புச் சோதனையில் உப்புப் பொட்டலத்தைத் திறந்து பார்த்தார்கள். தூத்துக்குடிக்கு உப்பு வாங்கிப் போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான் என்று தெரிந்தேதான் வாங்கினேன். பூ உப்பு, சின்னப் பொட்டலம், 6 யூரோ. நேற்றிரவு தம்பிக்கு அளத்தின் படங்களில் சிறந்த ஒன்றை அனுப்பியிருந்தேன்: அந்தி வெளிச்சம், இளஞ்சிவப்பு நீர், தூரத்தில் மதில், ஒற்றைப் பூநாரை. பதில் இப்போதுதான் வந்தது.

"படம் நன்றாக இருக்கிறது அக்கா. இடது ஓரத்தில் வரப்பு கசிகிறது, பார்த்தாயா? அவர்களிடம் சொல்லிவிட்டு வா."

பெரிதாக்கிப் பார்த்தேன். கசியத்தான் செய்கிறது.